வாடாமல்லிக் கரையும் ஒரு டிக் மார்க்கும்

நான் படிப்பது பி.காம். ஃபோட்டோ எடுப்பது பொழுதுபோக்கு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று போன டிசம்பருக்கு முன்னால் கேட்டிருந்தால், "ஒண்ணுமே இல்லை" என்றுதான் சொல்லியிருப்பேன். இன்றைக்கு எழுதப்போவது ஃபோட்டோ எடிட்டிங் மென்பொருள்களில் இருக்கும் ஒரு சின்ன விஷயத்தைப் பற்றி. லென்ஸ் செய்யும் வண்ணப் பிழையைத் தானாகவே திருத்திக் கொடுக்கும் வசதி. கேமரா இல்லாதவர்களும் படிக்கலாம். வீட்டுச் சுவரில் ஒரு ஃபோட்டோ மாட்டியிருந்தால் போதும்.

எங்கள் ஊர் பர்லியார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலையேறுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். வண்டியை நிறுத்துவீர்கள், டீ குடிப்பீர்கள், குரங்கு ஒன்று வந்து உங்கள் கையில் இருக்கும் பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். அந்த ஊர்தான். 1871ல் ஆரம்பித்த அரசு தோட்டக்கலைப் பண்ணை இங்கே இருக்கிறது. துரியன், ரம்புட்டான், ஜாதிக்காய், கிராம்பு எல்லாம் விளைகிற இடம். ஆனால் ரோட்டோரக் கடைக்காரர்களான எங்களுக்கு ராஜா என்றால் மங்குஸ்தான்தான். எங்கள் வீட்டுக்கும் ஒரு பழக்கடை உண்டு. அப்பத்தா தொடங்கியது, இப்போது அப்பா பார்க்கிறார்.

போன வருஷம் ஆடி மாசம், மங்குஸ்தான் வந்து இறங்கிய முதல் நாள். அந்த நாளில் அப்பத்தா எப்போதும் ஒரே சேலைதான் கட்டும். சந்தன நிறத்தில் பருத்திச் சேலை, சுண்டுவிரல் அகலத்துக்கு வாடாமல்லிக் கரை. தாத்தா கடைசியாக மேட்டுப்பாளையத்தில் எடுத்துக் கொடுத்தது. "சீசன் நல்லா இருக்கோணும்னா இதைக் கட்டோணும் கண்ணு" என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தது. நான் அப்போதுதான் செகண்ட் ஹேண்டில் ஒரு கேமராவும் 50 எம்.எம். லென்ஸும் வாங்கியிருந்தேன் (டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு. வீட்டில் இன்னும் சரியான விலை தெரியாது!). கடை, பழம், அப்பத்தா, பின்னால் பாக்கு மரங்கள், அதற்கும் பின்னால் மேகம் இறங்கி வெள்ளைவெளேர் என்று இருந்த வானம். ஒரே நாளில் முந்நூற்றுச் சொச்சம் படம் எடுத்தேன்.

சாயங்காலம் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அந்தக் கோளாறு கண்ணில் பட்டது. பாக்கு மட்டைகளின் ஓரமெல்லாம் கத்திரிப்பூ கலரில் கோடு. மரத்துக்கு யாரோ ஸ்கெட்ச் பேனாவால் பார்டர் போட்ட மாதிரி. நிஜத்தில் அப்படி எதுவும் இல்லை. அது லென்ஸ் செய்த வேலை.

இது ஏன் வருகிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் முப்பட்டகம் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வெளிச்சம் உள்ளே போனால் ஏழு நிறமாகப் பிரிந்து வெளியே வரும். கண்ணாடி எல்லா நிறத்தையும் ஒரே அளவில் வளைப்பதில்லை. நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் வளைக்கிறது. லென்ஸும் கண்ணாடிதானே, அதே புத்தி அதற்கும் உண்டு.

இந்தப் பிழையில் இரண்டு வகை. இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிடுவதால்தான் பாதிக் குழப்பம்.

முதல் வகையில், ஒவ்வொரு நிறத்தின் பிம்பமும் கொஞ்சம் வேறு வேறு அளவில் விழுகிறது. சிவப்புப் படம் ஒரு சைஸ், பச்சைப் படம் ஒரு சைஸ், நீலப் படம் ஒரு சைஸ். நடுவில் மூன்றும் ஒன்றாகப் பொருந்தும். மூலைக்குப் போகப் போக விலகும். சில மலிவான காலண்டர்களில் பார்த்திருப்பீர்கள், முருகன் உதட்டில் இருக்க வேண்டிய சிவப்பு கன்னத்துக்கு நகர்ந்திருக்கும். சிவகாசி அச்சகங்களில் ஒவ்வொரு மைக்கும் தனித்தனி பிளேட். ஒரு பிளேட் சற்று விலகினாலும் இப்படித்தான் ஆகும். லென்ஸின் முதல் வகைப் பிழையும் அதே கதைதான்.

இரண்டாவது வகையில் ஒவ்வொரு நிறமும் வேறு வேறு தூரத்தில் ஃபோகஸ் ஆகிறது. பச்சை கூர்மையாக இருக்கும் இடத்தில் சிவப்பும் நீலமும் கொஞ்சம் பரவி விழும். பரவிய சிவப்பும் நீலமும் சேர்ந்தால் என்ன நிறம்? கத்திரிப்பூதான். ஃபோகஸுக்கு முன்னால் இருக்கும் பொருளின் ஓரத்தில் கத்திரிப்பூ நிறமும், பின்னால் இருப்பதன் ஓரத்தில் பச்சையும் தெரியும். இது மூலையில் மட்டும் இல்லை, படத்தின் நடுவிலும் வரும். லென்ஸின் துவாரத்தை எஃப் 1.8 என்று முழுசாகத் திறந்து வைத்தால் அதிகம், எஃப் 4க்குக் குறைத்தால் பெருமளவு அடங்கிவிடும். (நான் 1.8ல்தான் எடுத்திருந்தேன். பின்னணி மங்கலாகத் தெரிந்தால்தானே பெரிய ஃபோட்டோகிராஃபர் மாதிரி இருக்கும்!)

இந்தப் பிழையோடு மனுஷர்கள் மல்லுக்கட்டுவது இன்று நேற்று இல்லை. நியூட்டனே இது தீராத வியாதி என்று முடிவு செய்து, லென்ஸை விட்டுவிட்டு 1668ல் ஆடி வைத்த தொலைநோக்கி செய்தார். ஆடி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறதே தவிர உள்ளே விட்டுப் பிரிப்பதில்லை, அதனால் இந்தத் தொல்லை அதற்குக் கிடையாது. நம் ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கியும் 2.34 மீட்டர் ஆடிதான். லென்ஸுக்கே மருந்து கண்டுபிடித்தவர் செஸ்டர் மூர் ஹால். 1730 வாக்கில் இரண்டு வகைக் கண்ணாடிகளைச் சேர்த்து வைத்து, ஒன்று பிரிப்பதை இன்னொன்று சேர்க்கும்படி செய்தார். அவர் தொழிலில் வக்கீல். 1758ல் அதற்குக் காப்புரிமை வாங்கி ஊரெல்லாம் விற்றவர் ஜான் டாலண்ட். அவர் கண்ணாடித் தொழிலுக்கு வரும் முன் பட்டு நெசவாளர். வக்கீலும் நெசவாளரும் லென்ஸைத் திருத்தலாம் என்றால் பி.காம். மாணவன் இதைப் பற்றி எழுதுவதில் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

டிஜிட்டல் காலத்தில் இந்த வேலையில் பாதியைக் கணக்குப் போட்டே முடித்துவிடுகிறார்கள். நிகான் 2007ல் வந்த டி3, டி300 கேமராக்களிலேயே முதல் வகைப் பிழையைத் தானாகத் திருத்த ஆரம்பித்தது. லைட்ரூம் மென்பொருளில் முன்பெல்லாம் நாமே பட்டியை நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். 2012ல் நான்காம் பதிப்பில் அது ஒரே ஒரு டிக் ஆனது. ஓரக் கத்திரிப்பூவையும் பச்சையையும் நீக்கத் தனிப் பட்டிகள் அதே வருஷம் 4.1ல் வந்தன. ஆண்ட்ராய்டு போன்களின் கேமரா கட்டமைப்பிலும் இந்தத் திருத்தத்துக்கு 'வேண்டாம், வேகமாக, உயர்தரமாக' என்று மூன்று நிலைகள் உண்டு. நம்மிடம் கேட்டுச் செய்கிற ஆப்கள் குறைவு.

நான் பயன்படுத்தியது இதில் எதுவும் இல்லை, வேறொரு மென்பொருள். பெயர் வேண்டாம். தப்பு என்னுடையதும்தான். அதில் 'வண்ணப் பிழையைத் தானாக நீக்கு' என்று ஒரு டிக். போட்டேன். பாக்கு மரத்தின் ஓரக்கோடு மாயமாக மறைந்தது! ஆஹா என்று முந்நூற்றுச் சொச்சம் படத்துக்கும் மொத்தமாக அதையே போட்டு, ஜேபெக்காக மாற்றி எடுத்துக்கொண்டேன். ஹார்ட் டிஸ்கில் இடம் இல்லை. கேமரா தந்த மூல ஃபைல்கள் ஒவ்வொன்றும் ஜேபெக்கைப் போல் சில மடங்கு பெரியவை. எல்லாவற்றையும் அழித்தேன்.

முதல் எச்சரிக்கை அடுத்த வாரமே வந்தது. அந்தப் படத்திலிருந்து கடைக்கு ஒரு ஃபிளெக்ஸ் அடித்தோம். வெள்ளைத் தட்டில் அடுக்கிய மங்குஸ்தான். அப்பா ரோட்டின் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு, "ஏன்டா, பழம் பூஞ்சை புடிச்ச மாதிரி இருக்குது?" என்றார். ஒவ்வொரு பழத்தைச் சுற்றியும் சாம்பல் நிறத்தில் மெல்லிய வளையம். "பிரிண்டிங்ல அப்படித்தான்ப்பா வரும்" என்று சொல்லிச் சமாளித்தேன். அச்சடித்தவர் மேல் பழியைப் போட்டேன், பாவம். கம்ப்யூட்டரில் திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மார்கழி பிறந்து நான்காம் நாள் அப்பத்தா போய்ச் சேர்ந்துவிட்டது. தூக்கத்திலேயே.

மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும் என்றார்கள். அப்பத்தாவுக்கு நல்ல படமே கிடையாது. கல்யாண ஆல்பங்களில் எல்லாம் யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் பாதி முகம்தான். "நான் எடுத்தது இருக்கு" என்று பெருமையாகச் சொன்னேன். கடை முன்னால் உட்கார்ந்து, கையில் ஒரு மங்குஸ்தானை வைத்து அமுக்கிப் பார்த்துக்கொண்டே கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற படம். குன்னூருக்குப் போய்ப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஃபிரேம் மாட்டிக் கொண்டு வந்தேன். எல்லோரும் பார்த்து அழுதார்கள். அத்தை மட்டும் ரொம்ப நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் மெதுவாகக் கேட்டது.

"இது எந்தச் சீலை கண்ணு? அம்மாகிட்ட இப்படியொரு சீலை இல்லையே?"

வாடாமல்லிக் கரை இல்லை. அந்த இடத்தில் அழுக்குச் சாம்பலாக ஒரு கோடு. துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன ஏதோ ஒரு பழைய துணி மாதிரி. தாத்தா எடுத்துக் கொடுத்த சேலை படத்தில் இல்லவே இல்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்தபோதுதான் பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் பாடம் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் எனக்குப் புரியவைத்தது.

முருகன் கணக்கில் எழுத வேண்டிய 500 ரூபாயைத் தப்பாகக் குமரன் கணக்கில் எழுதிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வோம்? பிழைத்திருத்தப் பதிவு ஒன்று போட்டு, குமரன் கணக்கிலிருந்து எடுத்து முருகன் கணக்கில் வைப்போம். ஒரு பைசா தொலையவில்லை. இடம் மாறிய தொகை தன் இடத்துக்கு வந்தது. முதல் வகை வண்ணப் பிழையைத் திருத்துவதும் இப்படித்தான். சிவப்புப் படத்தையும் நீலப் படத்தையும் இம்மியளவு சுருக்கியோ விரித்தோ பச்சையின் மேல் பொருத்துகிறார்கள். விலகிய பிளேட் சரியான இடத்துக்கு வருகிறது. நிறம் எதுவும் அழிவதில்லை. அதனால் இதைத் தானாகச் செய்யவிடுவதில் பெரிய ஆபத்து இல்லை.

இரண்டாவது வகை அப்படி இல்லை. பரவிப்போன வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று படத்தை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் பல மென்பொருள்கள் ஒரு குறுக்கு வழியில் போகின்றன. பளிச்சென்ற இடமும் இருட்டான இடமும் சேரும் ஓரத்தைத் தேடு. அங்கே கத்திரிப்பூ நிறமோ பச்சையோ இருந்தால் அதன் நிறத்தை உறிஞ்சிச் சாம்பலாக்கு. இது திருத்தப் பதிவு இல்லை. வாராக்கடன் என்று போக்கெழுதுவது. "இது லென்ஸ் போட்ட நிறம், நிஜமில்லை" என்று ஒரு அனுமானத்தில் தொகையையே ஏட்டிலிருந்து நீக்குவது.

போக்கெழுதுவது தப்பு இல்லை. வராத கடனை ஏட்டில் வைத்திருப்பதும் பொய்க்கணக்குதான். பாக்கு மட்டை ஓரத்தில் இல்லாத நிறத்தை விட்டுவைப்பதும் பொய்தான். ஆனால் எந்தக் கடன் வரும், எந்தக் கடன் வராது என்பதை ஆளைத் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். மென்பொருளுக்கு அப்பத்தாவைத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஓரம், வெளிச்சம், நிறம். சந்தன நிறச் சேலையில் மெல்லிசான வாடாமல்லிக் கரை, பக்கத்திலேயே நிழல். அது தேடிக்கொண்டிருந்த பிழையின் அங்க அடையாளம் அப்படியே பொருந்துகிறது. வெள்ளைத் தட்டில் மங்குஸ்தானும் அப்படியே. இதே கதி கத்திரிக்காய்க்கும், வெயிலில் பூத்து நிற்கும் ஜகரண்டா மரத்துக்கும், வயலெட் நியான் போர்டுக்கும், வெள்ளைப் பின்னணியில் இருக்கும் பச்சை இலை நுனிக்கும் வரலாம்.

மூன்றாவதாக நான் செய்ததுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய தப்பு. எந்த ஆடிட்டரும் முதலில் கேட்பது வவுச்சர். ஏட்டில் எவ்வளவு தப்பு இருந்தாலும் வவுச்சர் இருந்தால் மறுபடி எழுதிவிடலாம். நான் வவுச்சரைக் கிழித்துப் போட்டுவிட்டு ஏட்டை மட்டும் வைத்திருந்தேன். மூல ஃபைல் என்பது வவுச்சர். ஜேபெக் என்பது ஏடு. ஹார்ட் டிஸ்கில் அழித்ததை மீட்கும் மென்பொருள் எல்லாம் போட்டுப் பார்த்தேன். அந்த இடத்தில் அதற்குள் செமஸ்டர் நோட்ஸும் இரண்டு சினிமாவும் ஏறி உட்கார்ந்திருந்தன.

காரியம் முடிந்த அடுத்த நாள் அத்தை பெட்டியைத் திறந்து அந்தச் சேலையை எடுத்துக் கொடுத்தது. நாஃப்தலின் வாசனை. வாசலில் மேகமூட்டமான வெளிச்சத்தில், அன்றைக்கு இருந்த மாதிரியே ஒரு நேரம் பார்த்து, சேலையைக் கடை பெஞ்சில் விரித்துப் படம் எடுத்தேன். இந்தத் தடவை எஃப் 4, எந்த டிக்கும் இல்லை. அதிலிருந்து கரையின் நிறத்தை எடுத்து, அப்பத்தா படத்தில் கரை போகும் வழியெல்லாம் கையால் பூசினேன். மடிப்பு உள்வாங்கும் இடத்தில் அடர்த்தியாக, வெளிச்சம் படும் இடத்தில் லேசாக. மூன்று ராத்திரி ஆனது. தானியங்கி அதை அழிக்க எடுத்துக்கொண்டது ஒரு நொடி கூட இருக்காது.

புது பிரிண்டையும் சேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அத்தை பார்த்தது. "இதுதான்" என்றது. அவ்வளவுதான் சொன்னது. அப்பா ஒன்றும் சொல்லாமல் ஆணி அடிக்கப் போய்விட்டார்.

ஆனால் அது கேமரா பார்த்த நிறம் இல்லை, நான் பூசிய நிறம். முந்தானை மடிப்பு ஒன்றில் சாம்பல் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே துணி எப்படி மடிந்திருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் ஊகித்துப் பூசாமல் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வருகிறவர்கள் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

இதைப் படித்துவிட்டு அந்த வசதியையே தொடக்கூடாது என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம். நான் இப்போது செய்வது இதுதான்:

படம் எடுக்கும்போதே வெள்ளை வானத்துக்கு எதிரே மரமோ கம்பியோ இருந்தால் துவாரத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறேன். இரண்டாவது வகைப் பிழை பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடும். வராத பிழையைத் திருத்த வேண்டியதில்லை.

முதல் வகைத் திருத்தத்தைத் தானாகச் செய்யவிடுகிறேன். ஆனால் படத்தை வெட்டுவதற்கும், பல படங்களை ஒட்டி அகலப் படமாக்குவதற்கும் முன்னால். அந்தக் கணக்கு லென்ஸின் நடுப்புள்ளியை வைத்துத்தான் பெரும்பாலும் போடப்படுகிறது. ஏற்கெனவே வெட்டிச் சேமித்த ஜேபெக்கில் நடு எது என்று அதற்குத் தெரியாமல், சரியாக இருந்த ஓரத்தையும் கெடுத்துவிடலாம்.

ஓர நிறத்தை நீக்கும் திருத்தத்தை மொத்தப் படத்துக்கும் போடுவதில்லை. எங்கே கோடு தெரிகிறதோ அங்கே மட்டும் பிரஷ் வைத்துப் போடுகிறேன். பாக்கு மரத்துக்கு உண்டு, பழத்துக்கும் சேலைக்கும் கிடையாது. போட்ட பிறகு படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, படத்தில் கத்திரிப்பூ நிறத்தில் நிஜமாகவே என்னவெல்லாம் இருந்தது என்று ஒரு தடவை தேடிப் பார்க்கிறேன். முந்நூறு படத்துக்கு மொத்தமாக எதையும் போடுவதில்லை.

மூல ஃபைலை அழிப்பதில்லை. புதுசாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கியிருக்கிறேன் (மறுபடி டியூஷன்!). அதற்கு 'வவுச்சர்' என்றே பெயர் வைத்திருக்கிறேன்.

இந்த ஆடி மாசம் மங்குஸ்தான் வந்த முதல் நாள் அத்தைதான் கடையில் உட்கார்ந்தது. அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு. நான் படம் எடுத்தேன். பாக்கு மரங்களின் ஓரத்தில் கத்திரிப்பூ கோடு லேசாகத் தெரிகிறது. இந்த ஒரு படத்தில் மட்டும் அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

பி.கு.: உங்கள் வீட்டில் பெரியவர்களை எடுத்த படம் இருந்தால் இன்றைக்கே ஒரு தடவை பெரிதாக்கிப் பாருங்கள். சேலைக் கரை, கண்ணாடி வளையல், தலையில் வைத்த டிசம்பர் பூ, எல்லாம் சரியான நிறத்தில் இருக்கிறதா என்று. சந்தேகமாக இருந்தால் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். நான் அதைச் செய்யாமல் விட்டுவிட்டேன்.